கேபிள் வேலை என்று முகம் சுளிக்க வேண்டாம்

அன்புள்ள அம்மா, மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்ட உங்கள் கடிதத்தில் அவனைப் பற்றி நான்கு வரி. அவன் பெரியப்பா சொன்னதைப் பற்றி இரண்டு பக்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லாவிட்டால் மானம் போகும் என்கிற அவர், கடன் தவணை கட்டப்போவதில்லை. வீட்டை அடமானம் வைத்து அந்த சீட்டை வாங்காதீர்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

மற்ற படிப்புகளை நீங்களே அலசியிருப்பீர்கள், விடுங்கள். "எப்போது பார்த்தாலும் மோடத்தைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்" என்று அலுத்துக்கொண்டீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். அவனுக்கு நான் சொல்வது கேபிள் இன்டர்நெட் வேலை.

கேபிள் என்றால் கம்பம் ஏறுவது மட்டும்தான் என்று நினைக்கிறோம். ஏறத்தான் வேண்டும், அதை மறைக்கவில்லை. ஆனால் டிவி படத்தை ஒரே திசையில் அனுப்பப் போட்ட கம்பியில் இன்டர்நெட் ஓட, திரும்பி வரவும் பாதை வேண்டும். அதனால் அலைவரிசையைப் பங்கு போட்டார்கள். வட அமெரிக்காவில் நெடுநாள் வழக்கம்: 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை வீட்டிலிருந்து போவதற்கு, 54-க்கு மேலே வீட்டுக்கு வருவதற்கு. வழியிலுள்ள ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் பிரித்து, தனித்தனியே பெருக்கி, மறுபடி சேர்த்து அனுப்பும். நூற்றுக்கணக்கான மோடங்களிலிருந்து மேலே, அதாவது கேபிள் கம்பெனியை நோக்கிப் போக ஒரே பாதை என்பதால், மறுமுனையில் மோடங்களைக் கட்டி மேய்க்கும் சிஎம்டிஎஸ் என்கிற கருவி ஒவ்வொன்றுக்கும் பேச நேரம் ஒதுக்குகிறது. இதற்கெல்லாம் இலக்கணம், 1997-ல் வந்த டாக்ஸிஸ் என்கிற பொது விதித்தொகுப்பு.

இனி உங்கள் மகனுக்குப் பிடிக்கும் இடம். ஏதோ ஒரு வீட்டில் கனெக்டர் தளர்ந்திருந்தால் வெளி இரைச்சல் கம்பிக்குள் புகும். எல்லா வீட்டு இரைச்சலும் மேலே போகும் பாதையில் ஒன்றாகத் திரள்வதால், ஒருவர் வீட்டுக் கோளாறில் அந்தப் பகுதி முழுக்க அப்லோட் திணறும். மீட்டரோடு கிளை கிளையாகப் போய், அந்த ஒரு திருகைப் பிடிக்க வேண்டும். கழற்றிப் பார்க்கிற பையனுக்கு இது தீனி.

ஃபைபர் வந்து கேபிளை விழுங்காதா? பல இடங்களில் விழுங்குகிறது. ஆனால் கேபிளிலும் தெரு நோடு வரை, அதாவது ஃபைபர் முடிந்து கம்பி தொடங்கும் பெட்டி வரை, ஃபைபர்தான். வீடு வரை போகும் ஃபைபரிலும் பெரும்பாலும் முறைவைத்துப் பேசும் அதே ஏற்பாடுதான். கற்றது வீண்போகாது.

எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் டிப்ளமோ போதும். பணம் கட்டுமுன் அவனோடு போய் ஆய்வகத்தைப் பாருங்கள். எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் அலமாரியில் பூட்டிக் கிடந்தால் அடுத்த கல்லூரிக்கு நடையைக் கட்டுங்கள். அப்புறம், பெரியப்பாவைக் கூட்டிப்போக வேண்டாம்.