கையில் சிப் வைக்கச் சொல்கிறது அலுவலகம்: சம்மதிக்கலாமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் அடையாள அட்டைக்குப் பதிலாக, கைத் தோலுக்கு அடியில் சிப் வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். கதவு, கணினி, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் அதுவே போதுமாம். விருப்பம் உள்ளவர்கள் மட்டும் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் என் குழுவில் பாதிப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். வீட்டிலோ மாமா, "அரசாங்கமும் கம்பெனிகளும் சேர்ந்து ஆளைக் கண்காணிக்கப் போட்ட திட்டம் இது, புற்றுநோயும் வரும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். தடுப்பூசியிலேயே சிப் இருந்தது என்று வீடியோ வேறு அனுப்புகிறார். நான் என்ன செய்வது?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் வேண்டாம் என்பேன். ஆனால் மாமா சொல்லும் காரணங்களுக்காக அல்ல. அவருக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான். அதைக் கொண்டுபோய் வைத்த இடம்தான் தப்பு. அவர் சிப்பைப் பார்த்துப் பயப்படுகிறார். எனக்குக் கதவில் இருக்கும் ரீடரும் அதற்குப் பின்னால் இருக்கும் சர்வரும்தான் கவலை.

அலுவலகங்களில் இப்படி வைப்பது பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் என்.எஃப்.சி. சிப். போனைக் காட்டிப் பணம் செலுத்துகிறோமே, அதே தொழில்நுட்பம். சுமார் 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கண்ணாடிக் குப்பி. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே ஒரு சிப்பும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும், பேட்டரி கிடையாது. ரீடருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் ரீடரின் காந்தப்புலம் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். அந்த நேரத்துக்கு மட்டும் சிப் விழித்துக்கொண்டு தன்னிடம் உள்ள எண்ணைச் சொல்லும். கையை எடுத்தால் தீர்ந்தது. இதெல்லாம் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் நடக்கிற வேலை.

செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்வார்கள் என்பது இதனால்தான் நடக்காது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் யாரையும் தேடுவதில்லை. அது சிக்னலை மட்டும் அனுப்புகிறது. அதைப் பிடித்து இடத்தைக் கணக்கிட ஒரு ரிசீவர் வேண்டும், கணக்கிட்டதை வெளியே அனுப்ப டிரான்ஸ்மிட்டர் வேண்டும், இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். அந்தக் குப்பியில் இவை எதுவும் இல்லை. "போன்தான் ஏற்கெனவே எல்லாவற்றையும் கண்காணிக்கிறதே, சிப் வந்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அந்த வாதம் பிடிக்காது. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். கையை வைத்துவிட்டுப் போக முடியாது.

தடுப்பூசி விஷயம். 2020 மே மாதம் யூகவ் நடத்திய கருத்துக்கணிப்பில், தடுப்பூசி மூலம் மக்கள் உடம்பில் சிப் வைக்க பில் கேட்ஸ் விரும்புகிறார் என்று 28 சதவீத அமெரிக்கர்கள் நம்பினார்கள். ஆகவே உங்கள் மாமா தனி ஆள் இல்லை. ஆனால் தடுப்பூசி போடும் ஊசியின் உள்துளை அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. 2 மில்லிமீட்டர் குப்பி அதில் நுழையாது. சிப்பை இன்னும் சிறிதாக்கலாமே என்றால், ஆக்கலாம்தான். ஹிட்டாச்சி நிறுவனம் 2007-இலேயே 0.05 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிப்பைச் செய்து காட்டியது. ஆனால் அதைப் படிக்க வெளியே ஓர் ஆன்டெனாவை இணைக்க வேண்டும். ஆன்டெனா சுருங்கச் சுருங்கப் படிக்கும் தூரமும் சுருங்கும்; இயற்பியலில் இதற்குக் குறுக்குவழி இல்லை. 2020 இறுதியில் "தடுப்பூசியில் இருக்கும் 5ஜி சிப்" என்று ஒரு வரைபடம் சுற்றியது நினைவிருக்கலாம். அது கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடலின் சர்க்யூட் படம்!

இந்த வதந்திக்கு ஒரு நிஜமான விதை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 டிசம்பரில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், தடுப்பூசி போட்ட விவரத்தைத் தோலுக்கு அடியிலேயே பதித்துவைக்கும் ஒரு சாயத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாது, மாற்றியமைத்த போன் கேமராவுக்குத் தெரியும். பணம் கொடுத்தது கேட்ஸ் அறக்கட்டளை. அது சிப் இல்லை, எங்கும் எதையும் அனுப்பாது. ஆனாலும் மனித உடம்பில் பதிவேடு எழுதும் யோசனைதான் அது. மூன்று மாதத்தில் பெருந்தொற்று வந்தது, மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

ஏனென்றால் இந்தத் துறையின் பழைய கதை நம்பிக்கை தருவதாக இல்லை. மனிதர்களுக்கான முதல் வணிகச் சிப்களில் ஒன்று வெரிசிப். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2004 அக்டோபரில் அதற்கு அனுமதி கொடுத்தது. எஃப்.டி.ஏ. இயங்குவது சுகாதாரத் துறையின் கீழ். அப்போது அந்தத் துறையின் அமைச்சர் டாமி தாம்சன். அவர் 2005 ஜனவரியில் பதவி விலகினார். சில மாதங்களிலேயே வெரிசிப்பின் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தார். அனுமதி கொடுத்ததில் தனக்குப் பங்கே இல்லை என்று அவர் சொன்னார். இருக்கலாம். ஆனால் இதைப் பார்க்கிற ஒரு சாதாரண மனிதர் என்ன நினைப்பார்?

மாமாவின் புற்றுநோய்ப் பயமும் அங்கிருந்து வந்ததுதான். 2007-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், சிப் வைத்த எலிகளில் சிப்பைச் சுற்றிக் கட்டிகள் வந்ததாகச் சொல்லும் பழைய ஆய்வுகளை வெளியே கொண்டுவந்தது. 2004 அனுமதிக் கடிதத்தில் எஃப்.டி.ஏ. சில ஆபத்துகளைப் பட்டியலிட்டிருந்தது: திசு ஒவ்வாமை, சிப் இடம் நகர்வது, தகவல் கசிவது, எம்.ஆர்.ஐ. ஸ்கேனோடு ஒத்துப்போகாதது. கட்டி பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மருத்துவமாகப் பார்த்தால் பயம் மிகைதான். எலிகளின் தோலடியில் வழுவழுப்பான எந்தப் பொருளை வைத்தாலும் கட்டி வரும் போக்கு அதிகம். கோடிக்கணக்கான நாய், பூனைகளுக்கு இதே வகைக் குப்பி வைக்கப்பட்டிருக்கிறது. கட்டி வந்ததாகப் பதிவானவை மிகச் சில. ஆனால் தெரிந்த விஷயத்தை முதலிலேயே சொல்லாமல், செய்தியாளர் தோண்டி எடுத்தபிறகு விளக்கம் கொடுத்தால் யார் நம்புவார்கள்? 2010-இல் வெரிசிப் தயாரிப்பே நின்றுபோனது.

இனி என் கவலைக்கு வருகிறேன். உடம்புக்குள் எதையுமே வைக்காமல், உடம்பின் தகவலை எடுத்துக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மரபணுப் பரிசோதனை செய்யும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு மக்கள் எச்சிலைத்தான் அனுப்பினார்கள். அதிலுள்ள டி.என்.ஏ.வை ஆய்வகத்தில் ஒரு சிப்பின் மேல் வைத்துப் படித்தார்கள். 2023-இல் திருடர்கள் சுமார் 14,000 கணக்குகளுக்குள்தான் நேரடியாக நுழைந்தார்கள். ஆனால் உறவினர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரம் போயிற்று. 2025 மார்ச்சில் நிறுவனம் திவாலானது. அந்த மரபணுத் தகவல்கள் விற்பனைக்குரிய சொத்தாக நின்றன.

அரசுகளும் சளைத்தவை அல்ல. டெக்சாஸ் மாநிலம், பிறந்த குழந்தைகளுக்கு நோய்ப் பரிசோதனை செய்ய எடுத்த ரத்தத் துளிகளைப் பெற்றோரைக் கேட்காமலே சேமித்துவைத்து ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. 2009-இல் பெற்றோர் வழக்குப் போட்ட பிறகு, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை அழிக்க ஒப்புக்கொண்டது. அவற்றில் சில நூறு மாதிரிகள் ராணுவ டி.என்.ஏ. ஆய்வகத்துக்குப் போயிருந்தது அப்புறம்தான் தெரியவந்தது. பரிசோதனை நல்லது, அதனால் உயிர் பிழைத்த குழந்தைகள் உண்டு. மீதித் துளிதான் பிரச்சினை ஆனது.

உங்கள் அலுவலகத்தில் அந்த மீதித் துளி எது? கதவுப் பதிவு. எத்தனை மணிக்கு வந்தீர்கள், யாருக்குப் பின்னால் எந்த அறைக்குள் நுழைந்தீர்கள், ஓய்வறைப் பக்கம் எத்தனை முறை போனீர்கள் எல்லாம் சர்வரில் விழும். அட்டையும் இதையேதான் செய்கிறது என்பீர்கள். உண்மை. ஆனால் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு நடக்கலாம், வேலையை விடும்போது வீசிவிட்டுப் போகலாம். அதே சிப் மோதிரத்திலும் கைப்பட்டையிலும் கிடைக்கிறது. அவை திறக்கும் கதவைத்தான் தோலடிச் சிப்பும் திறக்கும். தோலடிச் சிப்பில் கூடுதலாக இருப்பது, தொலையாது, சுலபமாகக் கழற்ற முடியாது என்பது மட்டுமே. அது யாருக்கு வசதி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் என்ற பேச்சையும் கவனமாகக் கேட்க வேண்டும். யாரையும் கட்டாயப்படுத்திச் சிப் வைக்கக்கூடாது என்று அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2006-இல் சட்டம் போட்டது. அதே மாநிலத்தில், ரிவர் ஃபால்ஸ் என்ற ஊரில், த்ரீ ஸ்கொயர் மார்க்கெட் என்ற நிறுவனம் 2017 ஆகஸ்டில் தன் ஊழியர்கள் பலருக்குச் சிப் வைத்தது. எல்லாரும் விரும்பி வந்தவர்கள்தான். சட்டம் எதுவும் மீறப்படவில்லை. கட்டாயத்தைச் சட்டத்தால் தடுக்கலாம். மேலாளர் முதல் ஆளாகக் கையை நீட்டும்போது மற்றவர்களுக்கு வரும் சங்கடத்தை எந்தச் சட்டம் தடுக்கும்? உங்கள் குழுவில் பாதிப் பேர் பெயர் கொடுத்ததை நீங்கள் குறிப்பிட்டதே அந்தச் சங்கடத்தால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல், பூட்டு பழசாவது. வெரிசிப்பில் இருந்தது வெறும் 16 இலக்க எண். அதை அப்படியே நகலெடுக்க முடியும் என்று 2006-இல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அடையாள அட்டைகளில் உலகம் முழுக்கப் பரவியிருந்த மைஃபேர் கிளாசிக் சிப்பின் பாதுகாப்பை 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்தார்கள். தயாரித்த நிறுவனம் செய்தது என்ன தெரியுமா? கட்டுரை வெளிவராமல் தடுக்க நீதிமன்றம் போனது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. அட்டையாக இருந்தால் புதிதாக அச்சடித்துக் கொடுப்பார்கள். கையில் இருப்பதை மாற்ற மறுபடியும் கீற வேண்டும். நிறுவனம் ஆர்வம் இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்கஸ் 2 என்ற செயற்கை விழித்திரை சாட்சி. பார்வை இழந்த 350-க்கும் மேற்பட்டோர் அதைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். தயாரித்த செகண்ட் சைட் நிறுவனம் பணமில்லாமல் ஆதரவை நிறுத்தியது. கருவி கண்ணுக்குள்ளேயே இருந்தது, பழுது பார்க்கத்தான் ஆள் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால், சில கேள்விகளுக்கு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். எந்த மாடல் சிப், அது வெறும் எண்ணைக் காட்டுகிறதா, மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்து பதில் சொல்கிறதா? கதவுப் பதிவு எத்தனை நாள் வைக்கப்படும், யார் பார்க்கலாம், வேலை மதிப்பீட்டுக்கு அதைப் பயன்படுத்துவார்களா? வேலையை விடும்போது எடுக்கும் செலவு யாருடையது? இதில் நடுக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் மற்றவற்றைப் படிக்கவே வேண்டாம். அப்புறம், குப்பியின் மேல் நகராமல் இருக்கப் பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். திசு அதில் பற்றி வளர்ந்துவிடும் என்பதால் எடுப்பது கடினமாகும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர், நீரிழிவு உள்ளவர், காயம் தழும்பாகத் தடித்துப்போகும் உடல்வாகு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் கையை நீட்டக்கூடாது. எப்போது எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் சிப் இருப்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மாமாவிடம் ஒவ்வொரு வீடியோவாகச் சண்டை போடாதீர்கள், முடியவே முடியாது. ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: இந்தப் பயம் பேஸ்மேக்கர், காது கேட்க வைக்கும் காக்ளியர் கருவி, சர்க்கரை பார்க்கும் சென்சார் போன்றவற்றின் மேல் பாயக்கூடாது. அவற்றிலும் ஓட்டைகள் உண்டு. 2017-இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்கு இணையப் பாதுகாப்புக்காக மென்பொருள் மாற்ற வேண்டி வந்தது. ஆனால் அதற்கு அறுவை தேவைப்படவில்லை, மருத்துவமனைக்கு ஒரு நடை போதும். இதயம் நின்றுபோகும் ஆபத்தும் கதவு திறக்கும் சோம்பலும் ஒன்றல்ல. மருத்துவர் சொன்ன கருவியை மாமா மறுக்கும் நாள் வந்தால், அப்போது விடாமல் வாதாடுங்கள்.

நிறுவனத்துக்கு நீண்ட விளக்கம் எழுத வேண்டியதில்லை. "நான் அட்டையையே தொடர்ந்து பயன்படுத்த விரும்புகிறேன். அட்டை வைத்திருப்பவர்களுக்கும் அதே கதவுகள், அதே வசதிகள் தொடரும் என்பதை உறுதிப்படுத்தவும்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதற்கு வரும் பதிலைச் சேமித்து வையுங்கள், அலுவலகக் கணக்கில் மட்டும் வேண்டாம்.