நாலு வயதுப் பேத்திக்குப் பின்னேரம் என்ன செய்து கொடுக்கலாம்?

கேள்வி: டொக்டர், என்ர பேத்திக்குப் போன மாதம்தான் நாலு வயது முடிந்தது, நிறை 12.8 கிலோ. தாயும் தகப்பனும் வேலைக்குப் போவதால் பகல் முழுக்க என்னோடுதான். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கி மூடிவிடுவாள், பிஸ்கட்டும் பால் தேத்தண்ணீரும் என்றால் எந்த நேரமும் வேணும். மகள் விலைகூடின பால்மா டின் ஒன்றும் பசி டொனிக்கும் வாங்கப் போகிறாளாம். வீட்டுச் சாமானில் ஏதும் செய்து கொடுத்துத் தேற்ற முடியாதா?
(ஓர் அம்மம்மா, சாவகச்சேரி)

பதில்: முடியும் அம்மா. டின்னை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி நாலு வயதுப் பெண்பிள்ளையின் நடுத்தர நிறை ஏறக்குறைய 16 கிலோ, 12.3 கிலோவுக்குக் கீழே போனால் நிறை குறைவு என்போம். உங்கள் பேத்தி அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கிறாள், அதனால் பயப்படத் தேவையில்லை, ஆனால் சும்மா விடவும் ஏலாது. ஒருநாள் நிறையை விட, கிளினிக் கொப்பியில் அவளுடைய கோடு ஏறுகிறதா, படுத்துக் கிடக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

சோறு இறங்காததற்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். நாலு பிஸ்கட்டும் ஒரு கோப்பைத் தேத்தண்ணீரும் போன சின்ன வயிற்றில் பிறகு சோற்றுக்கு எங்கே இடம்? அதோடு தேயிலைச் சாயம் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேத்தண்ணீரை நிறுத்துங்கள், இரண்டு மூன்று நாள் அழுவாள், பரவாயில்லை. சாப்பாட்டு நேரம் தவிர, கொறிக்கக் கொடுப்பது காலை பத்து மணிக்கு ஒருதரம், பின்னேரம் நாலு மணிக்கு ஒருதரம், இடையில் தண்ணீர் மட்டும்.

இனி அந்த இரண்டு நேரமும் என்ன கொடுப்பது? எனக்குக் கேட்டால் பயத்தம் உருண்டைதான் முதல். பணியாரத்துக்குச் செய்கிற அதே பக்குவம்: பயறை வாசம் வரும்வரை வறுத்து, கோது நீக்கி மாவாக்கி, தேங்காய்ப்பூவை ஈரம் போகப் பொன்னிறமாக வறுத்துச் சேர்த்து, துளி சீரகத்தூளும் போட்டு, பனங்கட்டிப் பாகில் தேசிக்காய் அளவு பிடியுங்கள். மாவில் தோய்த்துப் பொரிக்க வேண்டியதில்லை. பயறில் புரதம், தேங்காயில் கொழுப்பு, இரண்டு உருண்டை போதும். பனங்கட்டியில் இரும்பு இருக்கிறதென்று அள்ளிப் போடாதீர்கள், அதுவும் இனிப்புத்தான், பல்லுக்குச் சீனியும் பனங்கட்டியும் ஒன்று.

எள்ளுப்பாகும் அப்படித்தான். எள்ளை வறுத்து, உளுத்தம்மாவோடு உரலில் நன்றாக இடித்தால்தான் பலன், முழு எள்ளு பிள்ளையின் பல்லில் அகப்படாமல் அப்படியே வெளியே வந்துவிடும். பெரிய பிள்ளையானதும் உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் என்று ஓடியோடிக் கொடுக்கிறோமே, அதில் கொஞ்சத்தை நாலு வயதிலேயே கொடுத்தால் என்ன? முட்டையை மட்டும் பச்சையாகக் கொடுக்காமல் அவித்துக் கொடுங்கள், நாளுக்கு ஒன்று தாராளமாகக் கொடுக்கலாம்.

கச்சானும் நல்லது, ஆனால் ஐந்து வயதுவரை முழுக்கச்சான் வேண்டாம், மூச்சுக்குழாயில் போனால் ஆபத்து. வறுத்து அரைத்து இதரை வாழைப்பழத்தில் பிசைந்து கொடுங்கள், பூஞ்சணம் பிடித்தது, கசக்கிறது எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். இனிப்பு வேண்டாம் என்கிற நாளில் குழைய அவித்த கௌப்பியில் தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும், அல்லது முருங்கையிலை போட்ட குரக்கன் ரொட்டிக்கு ஒரு கரண்டி நல்லெண்ணெய். குரக்கனில் கல்சியம் நிறைய. தேசிப்புளி, கொய்யா, நெல்லி, இதில் ஏதாவதொன்று பக்கத்தில் இருந்தால் இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு கூடச் சேரும். புழுக்கொடியலும் பனங்கிழங்கும் ஆசைக்குச் சரி, ஆனால் அதில் மாவும் நாரும்தான் கூட, நிறை ஏற்ற அதை நம்ப வேண்டாம்.

குடும்பநல உத்தியோகத்தர் திரிபோஷா (கிளினிக்கில் தரும் சத்துமா) தந்தால் அது பேத்திக்கு மட்டும். வீடு முழுக்கப் பங்கு போட்டால் (எல்லா வீட்டிலும் நடக்கிறது, எனக்குத் தெரியும்) பிள்ளைக்கு ஒரு வாய்தான் மிஞ்சும்.

டொனிக் வேண்டாம். அதற்குப் பதிலாகக் கிளினிக்கில் கேட்டுப் பூச்சி மருந்து கொடுங்கள், மாதம் ஒருமுறை நிறை பாருங்கள். இரண்டு மாதமாகியும் கோடு ஏறாவிட்டால், அடிக்கடி காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்தால், முகம் வெளிறி இருந்தால், மண்ணோ பச்சை அரிசியோ தின்னுகிறாள் என்றால் என்னிடமோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ காட்டி இரத்தம் பார்க்க வேண்டும். இரும்பு மருந்து தேவையா என்பதை அப்போது பார்ப்போம்.