ரிச்மண்டில் ஒலித்த மணிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 'தி பேண்ட்' இசைக்குழுவினரின் 'தி நைட் தே ட்ரோவ் ஓல்ட் டிக்ஸி டவுன்' பாட்டைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் கண் கலங்கிவிடும். அது அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களுக்கான ஒப்பாரி என்று என் மகள் இப்போது சொல்கிறாள். அடிமை முறையைக் காக்கப் போரிட்டவர்களுக்காகவா இத்தனை நாள் அழுதேன்?

பதில்: நீங்கள் அழுதது வெர்ஜில் கெயின் என்ற ஒருவனுக்காக. அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. டிக்ஸி என்பது தென் மாநிலங்களின் செல்லப்பெயர்; அதை வீழ்த்திய இரவு என்பதே தலைப்பின் பொருள். 1969-ல் வெளிவந்த அந்தப் பாட்டில் பேசுகிறவன் தளபதி அல்ல, பண்ணை முதலாளியும் அல்ல. வர்ஜீனியாவின் டான்வில் ரயிலில் வேலை பார்த்தவன். வடக்குப் படையின் ஸ்டோன்மன் தன் குதிரைவீரர்களோடு வந்து தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் போகிறார். 1865-ன் குளிரில் பசி, குற்றுயிர். உடன்பிறந்தவன் 18 வயதில் மண்ணுக்குள் போய்விட்டான். விறகு வெட்டிப் பிழைக்கிறான். கையில் இருக்கும் பணமோ செல்லாக்காசு.

இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். தெற்கின் வெள்ளையர் குடும்பங்களில் பெரும்பாலானவற்றிடம் அடிமைகள் கிடையாது. ஆனாலும் படைக்குப் போனது அவர்கள்தான். 20 அடிமைகளோ அதற்கு மேலோ உள்ள பண்ணையில் ஒரு வெள்ளையருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு என்று, பிரிந்துபோன தென் மாநிலங்களின் அரசு 1862-ல் சட்டமே போட்டது. இது பணக்காரனின் போர், சண்டை மட்டும் ஏழையுடையது என்று அன்றைக்கே அங்கே மனம் கசந்து பேசினார்கள். வெர்ஜிலின் குரலில் எனக்குக் கேட்பது அந்தக் கசப்பு.

ஆனால் உங்கள் மகள் சொன்னதையும் தள்ளிவிட முடியாது. அந்தப் பாட்டில் ஓர் அடிமைகூட வருவதில்லை. 1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். வெர்ஜிலின் ரயில் பாதையிலேயே அவர்கள் உழைத்தார்கள். டான்வில்லையும் கிரீன்ஸ்பரோவையும் இணைத்து 1864-ல் முடிந்த பாதையை அமைத்ததில் அடிமைகளின் வியர்வை உண்டு. அவன் அவர்களை அன்றாடம் பார்த்திருப்பான். பார்த்தவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இனி அந்தக் கோரஸுக்கு வருவோம். பறை உருளுவதுபோல குழுவின் லெவன் ஹெல்மின் டிரம் எழும்ப, மூன்று குரல்கள் சேர்ந்து சொல்கின்றன: மணிகள் ஒலித்தன, மக்கள் பாடினார்கள். எந்த மக்கள்? மகிழ்ச்சியிலா, துக்கத்திலா? பாட்டு சொல்லவில்லை. தெற்கின் தலைநகர் ரிச்மண்ட் வீழ்ந்தபோது நடந்ததைப் படித்த பிறகு, என்னால் அந்த இடத்தைப் பழையபடி கேட்க முடிவதில்லை. 1865 ஏப்ரல் 2-ம் தேதி இரவு தெற்கின் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸ் இதே டான்வில் பாதையில் ரயிலேறித் தப்பினார். மறுநாள் காலை நகருக்குள் நுழைந்த வடக்குப் படையில் கறுப்பின வீரர்களின் பிரிவுகளும் இருந்தன.

அவற்றுள் 28-வது பிரிவின் மதகுரு கார்லண்ட் வைட். வர்ஜீனியாவில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே தாயிடமிருந்து பிரித்து ரிச்மண்டில் விற்கப்பட்டவர். வாங்கியவர் ஜார்ஜியாவின் ராபர்ட் டூம்ப்ஸ், பின்னாளில் தெற்கின் முதல் வெளியுறவு அமைச்சர். வீரர்கள் அந்த மதகுருவிடம் ஒரு மூதாட்டியை அழைத்து வருகிறார்கள். மூதாட்டி ஒவ்வொன்றாகக் கேட்கிறார்: உங்கள் பெயர் என்ன, தாயின் பெயர் என்ன, எங்கே பிறந்தீர்கள், எந்த ஊரில் விற்றார்கள், வாங்கியவன் யார்? எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிய பிறகுதான், நான்தான் உன் தாய், 20 ஆண்டுகள் உன்னை நினைத்துத் துக்கப்பட்டவள் என்கிறார். இதைக் கார்லண்ட் வைட்டே கடிதமாக எழுதியிருக்கிறார். ஏப்ரல் 4-ம் தேதி லிங்கன் தன் மகன் டாடின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நகரின் தெருக்களில் நடந்தார். விடுதலை பெற்றவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

டிக்ஸி வீழ்ந்தபோது பாடியவர்கள் இவர்களும்தான். எழுதியவர் இவர்களை மனதில் வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. கேட்கிற நாம் வைத்துக்கொள்ளலாம். வெர்ஜிலுக்காகக் கலங்குங்கள், கோரஸ் வரும்போது அந்தத் தாயையும் நினையுங்கள். எனக்கு இப்போது அந்தப் பாட்டு முன்பைவிடப் பெரிதாகத்தான் தெரிகிறது.

கேள்வி: எழுதியவர் கனடாக்காரராமே? அவருக்கு ஏன் தெற்கின் மீது இத்தனை பரிவு?

பதில்: ஆமாம், ராபி ராபர்ட்சன் டொராண்டோவில் பிறந்தவர், தாய் மோஹாக் பழங்குடியைச் சேர்ந்தவர். குழுவில் தெற்கத்தியர் ஒருவர்தான்: ஆர்கன்சாவின் பருத்தி விவசாயி மகன் லெவன் ஹெல்ம். அந்தக் காலத்தின் வரலாற்றையும் புவியியலையும் படிக்க ராபர்ட்சனை நூலகத்துக்கு அழைத்துப் போனதாகவும், தெற்கின் தளபதி ராபர்ட் ஈ. லீக்கு உரிய மரியாதை வர வேண்டும் என்று நினைத்ததாகவும் ஹெல்ம் தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். பரிவு வந்த வழி அதுதான்.

எனக்கு உறுத்துவதும் லீயைப் பற்றிய அந்த மரியாதைதான். ஏழையின் துக்கம் உண்மை. தளபதியின் புனிதம் பிற்காலத்தில் கட்டி எழுப்பியது. ரிச்மண்டில் லீயின் பெரிய சிலை வைக்கப்பட்டது 1890-ல், போர் முடிந்து 25 ஆண்டுகள் கழித்து. அதற்குள் போர் அடிமை முறைக்காக அல்ல, மானத்துக்காக என்ற கதை ஊறிப்போயிருந்தது. போர் தொடங்கும் முன்பே, 1861 மார்ச்சில், தெற்கின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானா நகரில் வெளிப்படையாகப் பேசினார்: கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர், அடிமை நிலையே அவர்களுக்கு இயல்பு என்பதுதான் எங்கள் அரசின் மூலைக்கல் என்று. ரிச்மண்டில் லீயின் சிலையை 2021-ல் இறக்கிவிட்டார்கள். நல்ல காரியம்.

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங்குடன் உரிமைப் பேரணிகளில் நடந்த பாடகி ஜோன் பாயஸ் இதை எப்படிப் பாடினார்?

பதில்: 1971-ல் பாடினார், அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போனது. போரின் விலையை எளியவர்கள் கொடுக்கிறார்கள் என்பதே அவர் காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். அப்போது வியட்நாமில் போர் நடந்துகொண்டிருந்தது. இசைத்தட்டைக் கேட்டே மனப்பாடம் செய்ததால், ஸ்டோன்மனின் பெயர் அவர் பதிவில் வேறு சொல்லாக மாறிப்போனது. தண்டவாளத்தைப் பெயர்த்தவர் யார் என்பதே அந்தப் பதிவில் இல்லை.

கேள்வி: வரிகளை மாற்றிப் பாடுவதை ஆதரிக்கிறீர்களா?

பதில்: 2020-ல் அலபாமாவைச் சேர்ந்த எர்லி ஜேம்ஸ் ஒரு மேடையில் அதைச் செய்தார். டிக்ஸியை அன்று வீழ்த்தினார்கள் என்ற கோரஸை, இன்றிரவு நாம் வீழ்த்துகிறோம் என்று திருப்பினார். தெற்கில் வளர்ந்த ஒரு வெள்ளை இளைஞர் தன் முன்னோரைப் பார்த்துச் சொன்ன பதில் அது, மதிக்கிறேன். ஆனால் மூலப் பாட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. வெர்ஜிலைத் திருத்திவிட்டால் அவன் என்ன சொல்லாமல் விட்டான் என்று நாம் கேட்கவே முடியாது.

அதேபோல் இதைக் கேட்கவே மாட்டேன் என்பவரிடம் வாதாடவும் மாட்டேன். கறுப்பின எழுத்தாளர் டா-நெஹிசி கோட்ஸ் 2009-ல் இதை, அடிமைகளை வைத்திருந்த எகிப்திய மன்னன் பார்வோனின் சோகப்பாட்டு என்ற பொருளில் எழுதினார். விடுதலை பெற்றவரின் வழித்தோன்றல் பார்வோனுக்காக அழ வேண்டிய கட்டாயம் ஏதும் இல்லை.

கேள்வி: இதனோடு சேர்த்துக் கேட்க ஒரு பாட்டு சொல்லுங்கள்.

பதில்: பில்லி ஹாலிடே 1939-ல் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்று பலரும் சொல்வார்கள். தெற்கின் மரங்களில் தொங்கவிடப்பட்ட கறுப்பின உடல்களைப் பற்றியது, தவறாமல் கேளுங்கள். ஆனால் என் தேர்வு நீனா சிமோனின் 'மிசிசிப்பி காட்டேம்' (நாசமாய்ப் போகிற மிசிசிப்பி என்று வைகிற தலைப்பு). 1963 ஜூனில் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில், கறுப்பினரின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸை அவர் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பரில் அலபாமாவின் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். அந்தச் சினத்தில் பிறந்த பாட்டு. நீனா வட கரோலினாவின் ட்ரையன் ஊர்க்காரர். வெர்ஜிலைப் போலவே தெற்கத்தியர்; தெற்கைப் பற்றிப் பேச அவனுக்கு உள்ள உரிமை அத்தனையும் அவருக்கும் உண்டு. 1964-ல் கார்னகி ஹாலில் பாடிய நேரடிப் பதிவையே கேளுங்கள். மெட்டு துள்ளலாக இருப்பதால் தொடக்கத்தில் அரங்கம் சிரிக்கிறது; எந்த வரியில் சிரிப்பு நிற்கிறது என்று கவனியுங்கள்.