ஜப்பானில் ஆண்டுக் கடைசியும் புத்தாண்டும்: கேள்வி பதில்

கே: டிசம்பர் 31 அன்று டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகிறோம். அன்றைக்கே டிக்கெட் எடுக்கலாமா?

ப: நம்பிப் போகாதீர்கள். ஆண்டுக் கடைசி நெரிசல் நாட்களில் நொசோமி என்ற அதிவேக ஷின்கான்சென் (புல்லட் ரயில்) வண்டியில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. பதிவு ஒரு மாதம் முன்னதாகக் காலை 10 மணிக்குத் திறக்கும். நவம்பரில் 31 இல்லாததால், உங்களுக்கு டிசம்பர் 1. தவறவிட்டால், முன்பதிவில்லாத பெட்டி உள்ள ஹிகாரி, கொடாமா ரயில்களைப் பாருங்கள்.

கே: புத்தாண்டன்று டோக்கியோவில் பனி கொட்டுமா?

ப: பெரும்பாலும் இல்லை. சைபீரியக் காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை அள்ளி, நாட்டின் நடுவே உள்ள மலைகளுக்கு அந்தப் பக்கமே பனியாகக் கொட்டிவிடுகிறது. டோக்கியோவுக்கு வறண்ட காற்றும் வெயிலும்தான். பனி பார்க்க மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எச்சிகோ யுசாவா போங்கள்; டோக்கியோவிலிருந்து ஷின்கான்செனில் சுமார் 80 நிமிடம்.

கே: அம்மாவுக்குக் குளிர் ஆகாது. ஒட்டும் கைரோ (உடம்பைச் சூடாக்கும் சிறு பை) வாங்கலாமா?

ப: வாங்குங்கள். ஆனால் உள்ளாடைக்கு மேல்தான் ஒட்ட வேண்டும், தோலில் கூடாது. படுக்கும் முன் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் இரும்புத்தூள் காற்றுப் பட்டு சூடாகிறது. 44 டிகிரி சூடு கூட மணிக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தினால் தோல் வெந்துவிடும், வலி தெரியாது. ஷூவுக்குள் காற்று குறைவு, அதற்கென்று தனி வகை உண்டு.

கே: டிசம்பர் 31 இரவு சாப்பிடும் தொஷிகொஷி சோபா (ஆண்டுக் கடைசி நூடுல்ஸ்) சைவம்தானே?

ப: இல்லை. குழம்பே கட்சுவோபுஷியில், அதாவது உலர்த்திய சூரை மீனில் இறக்கியது.

கே: மீன் துண்டே இல்லையே, வடிகட்டித்தானே தருகிறார்கள்? கோயில்களில் ஷோஜின் சாப்பாடு சுத்த சைவமாயிற்றே!

ப: வடிகட்டினாலும் சாறு மீன்தான். குளிர்ந்த சோபாவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறும் அப்படியே. கோயாசான் என்ற புத்த மலைத்தலத்தின் கோயில் விடுதிகளில் கொம்பு (ஒரு கடற்பாசி), ஷீதாகே (ஒரு காளான்) கொண்டு சமைப்பார்கள், உண்மை. அதற்கு முன்பதிவு வேண்டும். தெருமுனை சோபா கடைக்கு அது பொருந்தாது. அறையில் அடுப்பு இருந்தால் நீங்களே செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு, நாலு காய்ந்த ஷீதாகே இரவு முழுக்க ஊறட்டும். சூடாக்கி, கொதிக்கும் முன் கொம்பை எடுத்துவிடுங்கள். விட்டால் வழவழத்துக் கசக்கும். ஷோயு (சோயா சாஸ்) 70 மில்லி, மிரின் (இனிப்பு அரிசி மது) 70 மில்லி சேர்த்துக் கொதிக்க விடுங்கள். மது வேண்டாமென்றால் மிரினுக்குப் பதில் சர்க்கரை. காய்ந்த சோபா தலைக்கு 100 கிராம். பாட்டில் சாறு வாங்காதீர்கள், பெரும்பாலும் மீன் இருக்கும்.

கே: கொஞ்சம் மீன் சாறுதானே, பெரிசு பண்ண வேண்டுமா?

ப: கேட்டவர் சைவம். பதில் அவருக்கு.

கே: டோக்கியோவில் ஜனவரி 1 பனி...?

ப: மேலே இருக்கிறது.

கே: குழந்தைக்கு மோச்சி (ஒட்டும் அரிசிப் பலகாரம்) தரலாமா?

ப: சிறு குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர்களும் சின்னதாக நறுக்கி, முதலில் தேநீரால் தொண்டையை நனைத்துவிட்டு, நன்றாக மென்று விழுங்கட்டும். அடைத்துக்கொண்டால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் ஓங்கித் தட்டுங்கள். கூட இருப்பவர் ஆம்புலன்ஸுக்கு 119 அழைக்கட்டும்.