தம்பி என்று கூப்பிட்டால் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகன் 'ஃப்ரெட்டர்னிட்டி'யில் சேரப் போகிறானாம். "அங்கே எல்லாரும் அண்ணன் தம்பி மாதிரிப்பா" என்கிறான். இந்த மாணவர் சங்கங்களின் நோக்கம்தான் என்ன? (வாசகர், ஈரோடு)

பதில்: நட்பு, கல்வி, தொண்டு என்று நோக்கத்தை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். அதை விடுங்கள். உங்கள் மகன் சொன்ன 'அண்ணன் தம்பி'யைப் பிடித்துக்கொள்கிறேன்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த கறுப்பின மாணவர்களில் ஆறு பேர் 1905இல் படிப்புக்குத் திரும்பி வரவில்லை. அவ்வளவு தனிமை. வெள்ளை மாணவர்களின் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை. மிச்சமிருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். 1906 டிசம்பரில் ஏழு பேர் அதை 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' சங்கமாக்கினார்கள். இன்னொருவன் பாதியில் மூட்டை கட்டிவிடக் கூடாது என்ற தவிப்பில் பிறந்த சங்கம் அது. மார்ட்டின் லூதர் கிங் பிற்பாடு அதில் உறுப்பினரானார். வாஷிங்டனில் 2011இல் திறந்த அவருடைய நினைவிடத்துக்கு முதலில் முயற்சி எடுத்ததும் அதே சங்கம்தான். செத்த பிறகும் தம்பியை விடவில்லை!

இன்னொரு சங்கத்தின் வீட்டையும் பாருங்கள். 2017, பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். புதிதாகச் சேர வந்த 19 வயதுப் பையனுக்கு 82 நிமிடத்தில் 18 முறை மது கொடுத்தார்கள். படிக்கட்டில் உருண்டு விழுந்தான். தூக்கி சோபாவில் போட்டார்கள். புரண்டு படுத்து மூச்சு முட்டிவிடக் கூடாதென்று, புத்தகம் அடைத்த பையை முதுகில் மாட்டிவிட்டார்கள். ஆபத்து என்று தெரிந்திருக்கிறது. ஆனாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கிட்டத்தட்ட 12 மணி நேரம். பையன் பிழைக்கவில்லை. அந்த வீட்டின் கேமராவிலேயே எல்லாம் பதிவாகியிருந்தது.

"கொஞ்சம் ராகிங் இருந்தால்தான் ஒற்றுமை வரும்" என்று எனக்குச் சளைக்காமல் எழுதும் வாசகர்களே, அன்று அந்த வீட்டில் ஒற்றுமைக்கு ஒரு குறையும் இல்லை. ஒருவர்கூடப் பிரிந்து போய் போனை எடுக்கவில்லை. இந்த விஷயத்தில் நான் இறங்கிவர மாட்டேன்.

சரி, உங்கள் மகனைத் தடுக்க வேண்டாம். ராகிங் செய்ததாக உறுதியான சங்கங்களின் விவரத்தைக் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும் என்று 2024 டிசம்பரில் அமெரிக்காவில் சட்டம் வந்திருக்கிறது. தான் சேரப்போகும் சங்கத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், ராத்திரி ஒரு பையன் மயங்கி விழுந்தால் யார் போன் செய்வார்கள் என்று அந்த அண்ணன்களிடமே கேட்கச் சொல்லுங்கள்.