சமையலறைக்கு மூன்று விலைப்பட்டியல்: எதை நம்புவது?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வீடு கட்டி முடிக்கும் நிலையில் இருக்கிறோம். சமையலறை மேடை 'எல்' வடிவம்; ஒரு சுவர் 10 அடி, மற்றது 7 அடி. மேடைக் கல், கதவுகள், பரண் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,50,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும். ஓசூரில் ஒரு கடையில் மொத்தமாக 2,10,000 ரூபாய் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரியில் ஒருவர் சதுர அடிக்கு 1,400 ரூபாய் என்கிறார். இன்னொருவர் ரன்னிங் அடிக் கணக்கில், அதாவது நீளத்தை மட்டும் அளந்து, சொல்கிறார். எது மலிவு என்றே தெரியவில்லை. இந்தத் தொகைக்குள் மாடுலர் கிச்சன் (பெட்டிகளும் கதவுகளும் தனியே செய்து வந்து பொருத்தும் சமையலறை) அமையுமா?

பதில்: அமையும். ஆனால் உங்களிடம் இருக்கும் மூன்றும் ஒரே பொருளுக்கான மூன்று விலைகள் அல்ல. மூன்று வெவ்வேறு பொருள்களுக்கான விலைகள். முதலில் ஒரு தாளில் மேடையை வரைந்து, எங்கே கதவு, எங்கே இழுப்பறை, எங்கே சிலிண்டர், எங்கே சிங்க் என்பதைக் குறித்து, அதே தாளின் நகலை மூவரிடமும் கொடுத்து எழுத்து மூலம் விலை கேளுங்கள். வாய்வார்த்தையாக வாங்கிய விலையை ஒப்பிட்டுப் பயனில்லை.

பெரும்பாலான குழப்பம் மூலையில்தான் பிறக்கிறது. மேடையின் அகலம் 2 அடி என்றால், சுவரோரமாக அளக்கும்போது 10 அடியும் 7 அடியும் சேர்ந்து 17 அடி வரும். ஆனால் மூலையில் இரண்டு மேடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணப்படுவதால், உண்மையான நீளம் 15 அடிதான். கண்ணுக்குத் தெரியும் முன்பக்கமோ 8 அடியும் 5 அடியுமாக 13 அடி மட்டுமே. கதவின் உயரத்தை இரண்டரை அடி என்று வைத்துக்கொண்டால், முன்பக்க அளவில் 32.5 சதுர அடி, சுவரளவில் 42.5 சதுர அடி. 1,400 ரூபாய் வீதம் இந்தப் பத்து சதுர அடி வித்தியாசமே 14,000 ரூபாய் ஆகிறது. மூலைக்குள் இருக்கும் பெட்டிக்கும் பலகை செலவாகிறது என்று கிருஷ்ணகிரிக்காரர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. அப்படியானால் அதைத் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சதுர அடி விலையில் உள்பெட்டி அடக்கமா, வெறும் கதவு மட்டுமா, கீல், கைப்பிடி, கூடை, பொருத்துக் கூலி எல்லாம் சேர்ந்ததா என்பதையும் அதே தாளில் வாங்கிவிடுங்கள்.

இனி அந்த 1,400 ரூபாய் விலையை வைத்தே உங்கள் தொகையைப் பார்ப்போம். கீழ்க்கதவுகள் 32.5 சதுர அடிக்கு 45,500 ரூபாய். ஒரு சுவரில் மட்டும் 10 அடி நீளம், 2 அடி உயரத்துக்கு மேல் அலமாரி வைத்தால் 28,000 ரூபாய். பரணுக்கு 17 அடி நீளம், 2 அடி உயரத்துக்குக் கதவு போட்டால் 47,600 ரூபாய். மொத்தம் 1,21,100 ரூபாய். ஆண்டுக்கு இரண்டு முறை திறக்கும் பரணுக்கு, நாள்தோறும் திறக்கும் கீழ் அலமாரியைவிட அதிகச் செலவு! பரண் கதவைத் தள்ளிப்போடுங்கள். அடுத்த ஆண்டு போனஸ் வரும்போது போட்டுக்கொள்ளலாம். அதுவரை ஒரு திரைச்சீலை போதும். மீதி 73,500 ரூபாய் போக, கல்லுக்கும் சிங்க்குக்கும் கூடைகளுக்கும் 76,500 ரூபாய் கையில் நிற்கும்.

கட்டுமானம் இன்னும் முடியவில்லை என்பது உங்களுக்குச் சாதகம். மேடைக்குக் கீழே பலகைப் பெட்டி வைப்பதற்குப் பதிலாக, கொத்தனாரைக் கொண்டு செங்கல் தடுப்பும் கடப்பா கல் தட்டும் அமைத்து, முன்னால் சட்டமும் கதவும் மட்டும் பொருத்தலாம். தண்ணீரும் கரையானும் தின்பது முதலில் பெட்டியைத்தான். கல்லை அவை ஒன்றும் செய்யா. ஷோரூம் பளபளப்பு கதவில்தானே இருக்கிறது, பெட்டியில் அல்லவே. இழுப்பறை வேண்டிய ஓர் இடத்துக்கு மட்டும், அடுப்புக்குப் பக்கத்தில், பலகைப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

மேடை உயரத்தைக் கொத்தனாரின் வழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். 32 முதல் 34 அங்குலம் என்பது காய் நறுக்கவும் தோசை வார்க்கவும் பொருத்தமான அளவு. ஆனால் நம் பக்கத்தில் ராகிக் களியும் கிண்டுகிறோம்; அதற்கு இந்த உயரம் கூடுதலாகிவிடலாம். அடுப்பின் உயரமும் பாத்திரத்தின் உயரமும் சேர்ந்த பிறகு, கட்டையை மேலிருந்து அழுத்திக் கிண்டுவதற்குத் தோளில் பலம் கிடைக்க வேண்டும். செங்கல்லை அடுக்கி மேலே பலகை போட்டு, அதன்மேல் அடுப்பையும் பாத்திரத்தையும் வைத்து, வீட்டில் களி கிண்டுகிறவரை நிற்கவைத்துப் பார்த்த பிறகே உயரத்தை முடிவுசெய்யுங்கள்.

கல்லைப் பொறுத்தவரை, கிரானைட்டுக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில் இருந்துகொண்டு, ஓசூர் கடையின் மொத்த விலைக்குள் கல்லையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை. பாலீஷ் பட்டறைக்கே போய்ப் பலகையைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். மேடையின் பரப்பு 30 சதுர அடி. வெட்டுச் சேதாரம் அதற்கு மேல் வரும். விளிம்பு உருட்டுவதற்கும் சிங்க் துளைக்கும் தனிக்கூலி உண்டு. மிகக் கறுப்பான கல் என்றால், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல். உங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால், கறுப்புக் கல்லில் குழாயைச் சுற்றி உப்புக்கறை வெள்ளையாகப் படிந்து பல்லிளிக்கும். அலையோடிய நம் ஊர்ப் பாரடிசோ போன்ற கல்லில் அது அவ்வளவாகத் தெரியாது.

சிலிண்டர் வைக்கும் அறையின் கதவில் தரையை ஒட்டிக் காற்றுத் துளைகள் இருக்கட்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும்.

கேள்வி: தருமபுரியில் கடைக்காரர் 'வாட்டர் ப்ரூஃப் பிளைவுட்' என்று காட்டுகிறார். கூடைகள் 304 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல் என்றும், காந்தம் ஒட்டாததே அதற்குச் சாட்சி என்றும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: 'வாட்டர் ப்ரூஃப்' என்பது விற்பனைச் சொல். பலகையில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஐ.எஸ். என்பது இந்தியத் தர எண்ணைக் குறிக்கும். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட், ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கப்படுவது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டால் தயாரிப்பாளர் யார் என்று தெரிந்துவிடும். வீடு முழுக்க 710 தேவையில்லை. சிங்க்குக்குக் கீழே மட்டும் போதும். எந்தப் பலகையானாலும் வெட்டிய விளிம்பு மூடப்படாவிட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும்; குழாய்க்காகத் துளைத்த ஓட்டையையும் சேர்த்தே சொல்கிறேன், அதை யாரும் கவனிப்பதில்லை.

காந்தச் சோதனை பாதி உண்மை. 202 ரக ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. 304 ரகத்தில் சுமார் 8 விழுக்காடு நிக்கல் இருக்கும். 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், அதனால் உப்புநீரில் சீக்கிரம் துருப் புள்ளி விழும். பில்லில் '304' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

கேள்வி: அரூரில் இருக்கிறோம். பெங்களூரு நிறுவனம் ஒன்று செய்துகொடுத்த சமையலறையில் சிங்க்குக்குக் கீழே உள்ள கதவுகள் எட்டே மாதத்தில் ஊதிவிட்டன. முறையான பில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. பெங்களூருக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நீங்கள் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு அது தருமபுரி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. குறை தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்துவிட வேண்டும். அதற்கு முன், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவுசெய்து பாருங்கள்; சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவதுண்டு. பில் இல்லாததால் எல்லாம் முடிந்துவிடவில்லை: பணம் அனுப்பிய வங்கிப் பதிவு, வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் அனுப்பிய வரைபடம் ஆகியவையும் ஆதாரமே. ஊதிப்போன கதவைக் கழற்றி வேறு போட நேர்ந்தால், முதலில் தேதியோடு படம் எடுத்து, பழைய கதவை மழை படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள். ஆணையம் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பச் சொல்லக்கூடும்.