நாலு மாத்திரைல ஈரல் போயிடாது, சாப்பாட்டுத் தட்டைப் பாருங்க

காது நாத்தம், பாதம் நக்கறதுன்னு ஈஸ்ட் (தோல்ல வளர்ற ஒரு பூஞ்சை) தொந்தரவுக்காக நாலு நாள் கீட்டோகோனசோல்ங்கிற பூஞ்சை மாத்திரை குடுத்ததால உங்க லேப்ரடாரோட ஈரல் அழுகிடாதுங்கம்மா. நெட்ல எதையோ படிச்சுட்டு ராத்திரியெல்லாம் அது மூச்சு விடுதான்னு பாத்துட்டே உக்காந்திருக்கேன்னு ஏற்காட்டுல இருந்து எழுதியிருக்கீங்க, முதல்ல நீங்க தூங்குங்க. 28 கிலோ நாய்க்கு மெடிக்கல்ல வாங்கின 200 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒண்ணு, நாங்க எழுதுறதே கிலோவுக்கு 5ல இருந்து 10 மில்லிகிராம்தான், அதனால அளவு தப்பிப் போகல. ஆனா அடுத்த தடவை கடைக்காரரைக் கேட்டு நாய்க்கு மாத்திரை வாங்காதீங்க, தயவுசெஞ்சு.

நீங்க பாக்க வேண்டியது சாப்பாடு. லேப்ரடார் சோத்தைப் பாத்து மூஞ்சியைத் திருப்பிக்கிச்சுன்னா அது பெரிய விஷயம். இந்த மருந்து ஈரலைத் தொட்டா பெரும்பாலும் முதல்ல பசிதான் போகும், கூடவே வாந்தியும் சோர்வும் வரும், மஞ்சள் பிடிக்கிறது அதுக்கப்புறம்தான். உதட்டைத் தூக்கி ஈறையும் கண்ணோட வெள்ளையையும் பகல் வெளிச்சத்துல பாருங்க. ஒரு நாள் முழுக்க சாப்பிடலை, இல்ல மஞ்சளா தெரியுது, ஒண்ணுக்கு டிகாஷன் கலர்ல போகுதுன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட போய் ரத்தத்துல ஈரல் டெஸ்ட் எடுத்துடணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடக்கூடாது. சேலத்துக்கு இறங்கும்போது அந்த 20 கொண்டை ஊசி வளைவுல வாந்தி எடுத்தா அதை மருந்துக் கணக்குல சேக்காதீங்க, வீட்ல சும்மா இருக்கும்போது எடுக்குற வாந்திதான் கணக்கு.

எனக்கு உண்மையிலேயே பதறினது கடைசில நீங்க போற போக்குல எழுதின வரி, போன வாரம் உண்ணிக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்டோம்னு. ஐவர்மெக்டின் மூளைக்குள்ள போகாம உடம்பு தடுக்குற வேலையை கீட்டோகோனசோல் கெடுத்துடும், உடம்புலயும் ஐவர்மெக்டின் ரொம்ப நேரம் தங்கிடும். கீட்டோகோனசோல் மாத்திரையை நீங்களே நிறுத்தினது நல்லதாப் போச்சு, டாக்டர் பாக்காம மறுபடி ஆரம்பிக்காதீங்க. நடை தள்ளாடுறது, எச்சில் ஒழுகுறது, கண் பாப்பா விரிஞ்சே இருக்கறது, இதுல எது தெரிஞ்சாலும் ராத்திரியா இருந்தாலும் வண்டியை எடுங்க.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். இந்த ஈஸ்ட் குழந்தைங்களுக்கு ஒட்டுமான்னு கேட்டீங்க, நல்லா இருக்கற குழந்தைங்களுக்கு பயமே வேண்டாம், நாயைத் தொட்டா கையைக் கழுவச் சொல்லுங்க, போதும். உங்க மச்சினர் சொன்ன படர்தாமரை ட்யூப் கூடவே கூடாது, அந்த மாதிரி க்ரீம்ல நிறைய ஸ்டீராய்டு கலந்து வருது, நாய் அதை நக்கி முழுங்கிடும்.

காது நாத்தம், பாதம் நக்கறது, வயித்துத் தோல் கறுக்கறது, இவ்வளவுக்கு பல நாய்ங்களுக்கு மாத்திரையே தேவைப்படாது. 2 சதவீதம் குளோர்ஹெக்சிடின், 2 சதவீதம் மைகோனசோல் இருக்கற ஷாம்பு, வாரத்துல ரெண்டு தடவை, நுரையோட 10 நிமிஷம் ஊறணும் (இதை யாரும் செய்யறதில்ல, போட்ட உடனே தண்ணியை ஊத்திடறாங்க), அப்புறம் விரல் இடுக்கு வரைக்கும் துடைச்சு காய வைக்கணும், பனி மூட்டத்துல தானா காயாது. இந்த ஈஸ்ட் எல்லா நாய் தோல்லயும் இருக்கறதுதான், அலர்ஜியோ உண்ணியோ ஈரமோ கிளப்பி விட்டாதான் பெருகும், அதைக் கண்டுபிடிக்காம விட்டா திரும்பத் திரும்ப வரும். ஆனா நாத்தம் வந்தாலே ஈஸ்ட்னு முடிவு பண்ணிடாதீங்க, பாக்டீரியாவாவும் இருக்கும், காது அழுக்கை ஸ்லைடுல வெச்சு மைக்ராஸ்கோப்ல பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். செவிப்பறை கிழியாம இருக்கான்னு பாக்காம காதுக்குள்ள எந்த சொட்டு மருந்தும் ஊத்தாதீங்க.

போகும்போது மாத்திரை அட்டையையும் ஊசி போட்ட தேதியையும் எடுத்துட்டுப் போங்க.